மேல்தட்டில் ஒரு தோற்பை

எங்கள் வீட்டில் மனிதர்கள் நீங்கலாக இரண்டு எருதுகளையும் ஒரு பசுவையும் ஒரு கைப்பையையும் பராமரித்து வந்தோம். எருதுகள் உழுதன. பசு பால் தந்தது. கைப்பை அத்தையுடையது.

நெடுங்காலம் அடங்கிக் கிடந்த இந்த எரிச்சலைக் கிளறிவிட்டது, சென்ற திங்கள் என் மகள் வாங்கிவந்த புதிய தோற்பை. அதனுள் ஒரு சிற்றட்டை இருந்தது. பையை எவ்வாறு பேணுவது என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். ஈரம் பட்டால் உலர்ந்த மென்துணியால் ஒற்றியெடுத்து நிழலில் ஆறவிட வேண்டுமாம், வெயிலில் இடலாகாதாம். சமையலறை எண்ணெய் எதுவும் கூடாதாம். தோலுக்கென்றே விற்கும் களிம்பை எப்போதேனும் ஒருமுறை மெல்லப் பூசித் துடைத்தால் போதுமாம். உள்ளே வெற்றுத்தாளைக் கசக்கித் திணித்து, பருத்தி உறையில் இட்டு, காற்றுப் புகும் இடத்தில் வைத்துவிட்டால் பல்லாண்டு உழைக்குமாம். படித்து முடித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அந்த அட்டை எவற்றையெல்லாம் விலக்கியிருந்ததோ, அவற்றையெல்லாம் எங்கள் குடும்பம் ஒன்றுகூட விடாமல், ஊக்கம் குன்றாமல், ஆண்டுக்கணக்கில் செய்து முடித்திருந்தது.

எங்கள் ஊர் வில்லியனூருக்குத் தெற்கே, பேருந்துச் சாலையில் இறங்கி வாய்க்கால் கரையைப் பிடித்து உள்ளே நடக்க வேண்டிய ஊர். வயல்களுக்கு நடுவே பங்குக் கோயிலும் அதைச் சுற்றி எங்கள் உறவினர் வீடுகளும் இருந்தன. அப்பா நகரத்து ஆலை ஒன்றில் பணிபுரிந்தார். விடியுமுன் மிதிவண்டியில் போய், இருட்டுமுன் மிதிவண்டியில் வருவார். நிலத்தையும் மாடுகளையும் அவருடைய தம்பியாகிய சித்தப்பா கவனித்துக்கொண்டார். சித்தப்பாவுக்கு அப்போது திருமணம் ஆகவில்லை. ஆகையால் உலகத்துப் பொருள் ஒவ்வொன்றைப் பற்றியும் அவரிடம் உறுதியான கருத்து இருந்தது.

அத்தை இவ்விருவருக்கும் மூத்தவர். மாமா பிரெஞ்சுப் படையில் இருந்தவர்; ஓய்வு பெற்ற பின்னும் இருவரும் அந்நாட்டிலேயே தங்கிவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, வில்லியனூர் மாதா தேரை ஒட்டி, அத்தை மட்டும் வருவார். அவரோடு அந்தக் கைப்பையும் வரும். புளியங்கொட்டையின் மேல்தோல் போன்ற செம்பழுப்பு நிறம், மினுமினுப்பும் அதேதான். வாயில் இரு பித்தளைக் குமிழ்கள். அவை ஒன்றையொன்று உரசிப் பூட்டிக்கொள்ளும்போது ‘டக்’ என்று ஓர் ஒலி எழும். பூசையில் சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருக்கையில் அத்தை கைக்குட்டை எடுப்பதற்காக அந்தப் பையைத் திறந்தால், ஆண்கள் பக்கம்கூடத் திரும்பிப் பார்க்கும். மூடும்போது இன்னொரு முறை பார்க்கும்.

அப்படி வந்த ஒருமுறைதான் அம்மாவின் கையிலிருந்து ஒரு பீங்கான் கோப்பை நழுவி உடைந்தது. அத்தை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து பரிசளித்த கோப்பை. வீட்டில் அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் பெண்கள் கூடி நின்றபோது, எல்லாருக்கும் கேட்கும்படி, மிகுந்த அன்போடு சொன்னார்.

“எந்தம்பி பொண்டாட்டி தங்கமானவதான். நான் கொற சொல்லல. ஆனா இன்னா, பொருளு அவ கையில நிக்காது.”

பெண்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். வீடு வந்து சேரும்வரை அந்தச் சிரிப்பை முகத்திலிருந்து இறக்காமலே வந்து, அடுப்படிக்குள் நுழைந்தபின் இறக்கினார். அன்றுமுதல் எந்தப் பாத்திரத்தையும் அவர் இரு கையாலும்தான் தூக்கினார்.

அத்தை புறப்பட்ட நாளில் அவருடைய பெட்டிகள் மூட முடியாமல் பிதுங்கின. கருவாடு, வெங்காய வடகம், மாங்காய் ஊறுகாய், சாம்பிராணி என்று அந்நாட்டில் கிடைக்காதவை அனைத்தும் உள்ளே இருந்தன. வாடகை வண்டி வாய்க்கால் கரையில் நின்று ஒலியெழுப்பிக்கொண்டிருந்தது. அத்தை கைப்பையிலிருந்து செபமாலையையும் பயண ஆவணங்களையும் எடுத்துப் புதிய பையொன்றில் போட்டுக்கொண்டு, பழையதை அம்மாவிடம் நீட்டினார்.

“இத நீ பாத்துக்க. அடுத்த தேருக்கு வந்துடுவேன். பூசணம் பூக்கக் கூடாது, வெடிக்கக் கூடாது. இன்னா, புரிஞ்சிச்சா? கோப்ப மாதிரி வுட்டுடாத.”

“தோள்ல மாட்டிகினு போயிடேன்க்கா. இது இன்னா கனமா கனக்கப் போவுது?” என்றார் அப்பா.

“இங்கயே இருக்கட்டும்டா. வந்தா கோயிலுக்கு எடுத்துகினு போவ எனக்குன்னு ஒண்ணு வேணாமா?”

வண்டி போயிற்று. பை நின்றது. அம்மா அதை இரு கையாலும் ஏந்திக்கொண்டு நின்ற கோலம், கோயிலில் திருமுழுக்கின்போது ஞானத்தாய் பிறர் பிள்ளையை ஏந்தி நிற்பதைப் போல இருந்தது.

அடுத்த தேருக்கு அத்தை வரவில்லை. அதற்கடுத்த தேருக்கும் வரவில்லை. மாறாகக் கடிதங்கள் வந்தன. அப்பா அவற்றை உரக்கப் படிப்பார். தம்பிமார் நலம், மாடுகளின் நலம், பங்குச் சாமியாரின் நலம் எல்லாம் விசாரித்துவிட்டு, முடிவில் ‘பை நன்றாக இருக்கிறதல்லவா?’ என்று எழுதியிருப்பார் அத்தை. அந்த வரி வரும்போது அப்பா அம்மாவின் பக்கம் பாராமலே படிப்பார்.

பையை எங்கே வைப்பது என்பதில் முதலில் தடையேதும் இருக்கவில்லை. அம்மாவின் சீராக வந்த இரும்புப் பேழை ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. பீரோ என்போம். அதன் மேல்தட்டில் அம்மாவின் மந்திரித்த புடவை இருந்தது. திருமணத்தன்று சாமியார் மந்திரித்துக் கொடுக்க, உடுத்திக்கொண்டு பீடத்தின் முன் நின்ற அரக்குப் பட்டு. பிறகு பெருவிழாக்களுக்கு மட்டுமே வெளியே வருவது. அந்தப் புடவையின் மேல், வீட்டின் இருபெரும் மேன்மைகளும் ஓரிடத்தில் இருக்கட்டும் என்பது போல, அம்மா பையை வைத்துப் பூட்டினார்.

ஐப்பசி மழை பிடித்தது. ஒருநாள் பேழையைத் திறந்த அம்மா, “சேசு மரி!” என்று அலறினார். பையின் முகமெங்கும் வெண்ணிறப் பூஞ்சணம். கிழவரின் தாடி போல முளைத்திருந்தது. அம்மா ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தார். மறுநாள் மேலும் தழைத்தது. எனவே, வானம் வெளுத்ததும் பையை வெயிலுக்குக் கொண்டுபோனார். வாசலில் பாய் விரித்து, ஒருபுறம் புளி, ஒருபுறம் வடகம், நடுவில் பிரெஞ்சு நாட்டுக் கைப்பை. காவலுக்கு நான். வடகத்தைக் காக்கைகளிடமிருந்தும் பையைத் தெருப் பெண்களிடமிருந்தும் காப்பது என் பணி. காக்கைகள் விரட்டினால் போயின.

வெயில் பூஞ்சணத்தைக் கொன்றது. கூடவே தோலையும் வாட்டியது. வெயில் பார்த்த பக்கம் வெளுத்து, மடிப்புகளில் மெல்லிய கீறல்கள் ஓடின. வெடித்த குதிகாலுக்கு அம்மா என்ன செய்வாரோ அதையே பைக்கும் செய்தார். தேங்காயெண்ணெயைச் சூடுகாட்டி, உள்ளங்கையில் ஏந்தி, மேலிருந்து கீழாகத் தேய்த்தார். சனிக்கிழமைதோறும் எனக்குத் தலையில் எண்ணெய் வைத்த பிறகு பைக்கு வைப்பார். சில வாரங்களில் முறை மாறியது. முதலில் பை, மிஞ்சினால் நான்.

எண்ணெய்க்கு எறும்பு வந்தது. செவ்வெறும்புச் சாரை ஒன்று சுவரேறிப் பேழையின் இடுக்கு வழியே புகுந்து, மேல்தட்டை அடைந்தது. ஆகவே அம்மா பையை வெளியே எடுத்து ஒரு முக்காலியின் மேல் வைத்து, முக்காலியின் கால்களை நீர் நிரம்பிய கிண்ணங்களில் நிறுத்தினார். எறும்பு நின்றது. நீரின் ஈரத்தில் பூஞ்சணம் மீண்டது, பை பழையபடி பேழைக்கே போனது. பூஞ்சணத்துக்கு வெயில், வெயிலுக்கு வெடிப்பு, வெடிப்புக்கு எண்ணெய், எண்ணெய்க்கு எறும்பு. நான் பள்ளியில் பருவங்களின் சுழற்சியைப் படித்தபோது எனக்கு அது உடனே விளங்கிவிட்டது.

இடையில் அப்பா ஆலையில் யாரோ சொன்னார்கள் என்று காலணிக்குப் பூசும் மெருகு ஒரு டப்பி வாங்கிவந்து, பையின் ஒரு பக்கத்துக்கு மட்டும் பூசிப் பார்த்தார். அந்தப் பக்கம் கறுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாம்பிராணிப் புகை காட்டினோம். பாச்சை உருண்டை போட்டோம். முடிவில் அந்தப் பையிலிருந்து, ஒரு கோயிலும் ஒரு செக்கும் ஒரு மருந்துக்கடையும் அடுத்தடுத்து இருக்கும் தெருவின் மணம் வந்தது.

இவ்வளவிலும், அம்மா ஒருமுறைகூட அதைத் தோளில் மாட்டியதில்லை. வில்லியனூர்த் தேருக்கு நாங்கள் போகும்போது, அவர் கையில் இருந்தது ஒயர்க் கூடைதான்.

பேரிடி பிறகு விழுந்தது. தன் தங்கை மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குப் போக மந்திரித்த புடவையை வெளியே எடுத்த அம்மா, பிரித்துப் பார்த்து, தரையில் உட்கார்ந்துவிட்டார். பையிலிருந்து கசிந்த எண்ணெய் புடவையின் மடிப்பு மடிப்பாக இறங்கியிருந்தது. அரக்குப் பட்டின்மேல் உள்ளங்கை அகலக் கறைகள், வரிசையாக. அரப்பு, சீயக்காய், சுண்ணாம்புத் தூள் என்று எதற்கும் அவை அசையவில்லை.

“என் மந்திரிச்ச பொடவ! இந்தச் சனியன் புடிச்ச பையி!” என்று அம்மா பையைத் தூக்கி ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கி, பையைப் பழைய இடத்திலேயே வைத்தது. பேழையைச் சாத்திக்கொண்டே சொன்னார்: “இனிமே இந்தத் தட்டுல ஒரு துணி வெக்கக் கூடாது. ஒரு கைக்குட்ட கூட வெக்கக் கூடாது. தொட்டதெல்லாம் நாசம் பண்ணுது. தனியாக் கெடக்கட்டும்.”

அவ்வாறே, மேல்தட்டு முழுவதும் பைக்கென்று ஒழிந்தது. எங்கள் துணிகளெல்லாம் கீழ்த்தட்டுகளில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கின. என் பள்ளிச் சீருடை அப்பாவின் வேட்டிகளுக்கு அடியில் நசுங்கிச் சுருங்கியது. அந்தத் தட்டில் என் சிலேட்டுப் பலகையையாவது வைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன், அம்மா முறைத்தார்.

மழைக்காலம் ஒன்றில் மாமா இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. கோயிலில் அவருடைய ஆத்துமத்துக்குப் பூசை வைத்தோம். சில நாட்களில் அத்தையின் கடிதம் வந்தது. அப்பா வழக்கம்போல் உரக்கப் படித்தார். கிறிஸ்துமசுக்கு முன் வந்துவிடுவதாக எழுதியிருந்தார் அத்தை. கடிதம் வழக்கத்துக்கு மாறாகச் சிறியதாக இருந்தது. முடிவில் பையைப் பற்றிய வரி இல்லை.

“எத்தன நாளு இருப்பாங்களாம்?” என்று சித்தப்பா கேட்டார்.

“எழுதல” என்றார் அப்பா. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அம்மாவின் அச்சமோ வேறு. “பையப் பத்திக் கேக்கல, பாத்தீங்களா? எப்பவும் கேப்பாங்க. இந்தவாட்டி நேர்ல வந்து கேக்கப் போறாங்க. கோப்பைக்கே ஊரு பூரா சொன்னாங்க. இதுக்குத் தேர் இழுக்கிறப்ப மைக்குல சொல்லுவாங்க.”

பேழையைத் திறந்து பார்த்தோம். மழை முடிந்த பருவமாகையால் பை தன் வாழ்நாளின் மிகக் கீழான நிலையில் இருந்தது. பூஞ்சணம் பச்சை நிறத்துக்கு மாறியிருந்தது. கைப்பிடி முருங்கைக்காய் போல் விறைத்திருந்தது.

சித்தப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தட்டினார். முகர்ந்தார்.

“இன்னா அண்ணி, இத்தினியூண்டு தோலுக்கு இவ்ளோ ஒப்பாரி? கவலத் தோலு எம்மாம் பெருசு! அதையே நான் பாத்துகினு இருந்தேன். தோலு காஞ்சா செத்துப்போவும். ஊறினாதான் அதுக்கு உசுரு.”

எங்கள் கிணற்றில் நீரேற்றும் பொறி வருமுன், எருதுகளைப் பூட்டிக் கவலையில் நீர் இறைத்தார்கள். கிணற்றுக்குள் இறங்கி ஏறும் அந்தப் பெரிய தோற்சால் உலர்ந்தால் வெடிக்கும் என்று, வேலையற்ற நாட்களிலும் நீரில் ஊறப்போட்டு வைப்பது வழக்கம். தோலைப் பற்றிச் சித்தப்பாவின் அறிவு முழுவதும் அங்கிருந்து வந்தது.

“தம்பி, இது தண்ணி எறைக்கிற தோலு இல்ல. பாரிசு தோலு” என்றார் அம்மா.

“ஏன், பாரிசு மாடு தண்ணி குடிக்காமலா வளந்துச்சு?”

“அதக் குடு இங்க. நீ கிட்டயே வராத. நான் வில்லியனூரு போயி, செருப்புக் கடையில கேட்டு, எதாச்சும் வாங்கியாறேன்.”

அம்மா பேருந்து பிடிக்கப் போனார். அவர் தலை வாய்க்கால் கரையில் மறைந்ததும் சித்தப்பா பையை எடுத்து மாட்டுத் தொட்டியில் அமிழ்த்தினார். அது மிதந்தது. ஒரு செங்கல்லை உள்ளே வைத்து மீண்டும் அமிழ்த்தினார். குமிழிகள் வந்தன. “பாத்தியா, குடிக்குது” என்றார் என்னிடம்.

நண்பகல்வரை ஊறவிட்டு எடுத்தபோது, பை வேகவைத்த கத்தரிக்காய் போல் தொளதொளத்துக் கிடந்தது. உள்ளே இருந்த பட்டுத்துணியின் சாயம் தொட்டி நீரில் செவ்வரியாக ஓடியது. சித்தப்பா சற்றும் கலங்கவில்லை. பூஞ்சணம் அறவே தொலையட்டும் என்று கல்லுப்பைப் பொடித்து மேலெல்லாம் தேய்த்தார். பழைய உருவம் வரவேண்டும் என்று உள்ளே வைக்கோலைக் கொட்டித் திணித்தார். பை புடைத்துக்கொண்டு நின்றது. உண்மையில் பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தது. வெயிலில் போட்டால் வெடிக்கும் என்ற பாடத்தை எங்கள் வீடு அதற்குள் கற்றிருந்ததால், நிழலுக்காக மாட்டுக்கொட்டகைக் கம்பத்தில் அதைக் கட்டித் தொங்கவிட்டார். காய்ந்தபின் புங்கெண்ணெய் தடவினால் வேலை முடிந்தது என்றார்.

அவர் மறந்துபோன செய்தி ஒன்று உண்டு. அந்த ஆண்டு எங்கள் பசுவின் கன்று இறந்துவிட்டது. கன்றைக் காணாத பசு பாலை அடக்கிக்கொள்ளும் என்பதால், எங்கள் பக்கத்து வழக்கப்படி, இறந்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன் நிறுத்தியிருந்தார் சித்தப்பா. பசு அதை நக்கும். நக்க நக்கப் பால் இறங்கும். அடைமழையில் அந்த வைக்கோற்கன்று நைந்து அழிந்தது. அதன்பின் பசு ஆழாக்குப் பாலுக்குமேல் விடவில்லை. அத்தை வரும் நேரத்தில் காப்பிக்குப் பால் இல்லையே என்பது அம்மாவின் மற்றொரு கவலை.

வைக்கோல் திணித்த தோல். உப்புக் கரிக்கும் தோல். பசுவின் முகத்துக்கு நேரே, எட்டும் உயரத்தில்.

பசு முதலில் முகர்ந்தது. பின் ஒருமுறை நக்கியது. பிறகு தாடையை நீட்டி, கண்கள் செருக, அடியிலிருந்து நுனிவரை, இழந்த பிள்ளையைத் திரும்பப் பெற்ற நிறைவோடு நக்கத் தொடங்கிவிட்டது. அந்த நாவு அரம் போன்றது. அப்பா பூசிய கறுப்பும், ஆண்டுக்கணக்கான எண்ணெய்ப் பிசுக்கும், புளியங்கொட்டை மினுமினுப்பில் எஞ்சியிருந்ததும், பட்டை பட்டையாக உரிந்தன. நான் கத்தினேன். ஓடிவந்து பையைப் பிடுங்கக் கை நீட்டிய சித்தப்பா, கீழே பார்த்தார். மடி கனத்துக் காம்புகளில் பால் சொட்டிக்கொண்டிருந்தது.

“அடியே, செம்பு எட்றி! ஓடு! பால் எறக்குது!”

வில்லியனூரிலிருந்து அம்மா திரும்பிவந்தபோது கண்ட காட்சி அதுதான். சித்தப்பா குந்தி அமர்ந்து சர்சர் என்று கறந்துகொண்டிருந்தார். நான் செம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பசு பிரெஞ்சு நாட்டுக் கைப்பையை நக்கிக்கொண்டிருந்தது.

அம்மாவின் கையிலிருந்த களிம்புப் புட்டி நழுவவில்லை. இரு கையாலும் பிடித்திருந்தார். கூச்சலிடவும் இல்லை. கொட்டகை வாசலிலேயே நின்று, “பரவால்ல. கறந்து முடிச்சிடு” என்றார். அதைவிட அச்சந்தரும் குரலை நான் கேட்டதில்லை.

இரண்டொரு நாளில் அத்தை வந்தார். இம்முறை பிதுங்கும் பெட்டிகள் இல்லை, ஒரு பெட்டிதான். வெளிறிய புடவை. நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த காப்பியைப் பாதி குடித்தார். பால் திடமாக இருக்கிறது என்றார். சித்தப்பா உத்தரத்தைப் பார்த்தார். பிறகு அத்தை கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, எல்லாரும் எதிர்பார்த்ததைக் கேட்டார்.

“என் பையி இருக்குதா?”

அம்மா உள்ளே போய் எடுத்துவந்து அத்தையின் மடியில் வைத்தார். நிறமற்று, தேய்ந்து, ஒருபக்கம் கோணி, குமிழ்கள் பச்சை பாய்ந்து இருந்தது. அத்தை திறந்தார். ‘டக்’ என்ற ஒலிகூட வரவில்லை. உள்ளே கைவிட்டார். ஒரு பிடி வைக்கோல் வந்தது. அத்தை அந்த வைக்கோலைப் பார்த்தார். பின் அம்மாவைப் பார்த்தார்.

அம்மா உடைந்தார். ஆண்டுகளாக அடக்கியதெல்லாம் ஒரே மூச்சில் வெளிவந்தது.

“சொல்லுங்க! பொருளு இவ கையில நிக்காதுன்னு ஊரு பூரா சொல்லுங்க! நெழல்ல வெச்சா பூக்குது. வெயில்ல வெச்சா வெடிக்குது. எண்ண போட்டா எறும்பு மொய்க்குது. தண்ணியில நிக்கவெச்சேன், பொக காட்டினேன், தோ நிக்கிறாளே, இவ தலைக்கு வெக்க வேண்டிய எண்ணெயெல்லாம் அதுக்குத்தான் வெச்சேன். பெத்த புள்ளையக் கூட இப்படிப் பாத்துக்கல. கடைசில ஒங்க தம்பி மாட்டுத் தொட்டியில ஊறப்போட்டு, மாடு நக்கிடுச்சு. நீங்க குடிக்கிறீங்களே காபி, அது ஒங்க பையி குடுத்த பாலுதான்! இதுக்குமேல என்னால ஆவாது அக்கா. ஆவவே ஆவாது!”

நான் அத்தையின் முகத்தையே பார்த்தேன். இப்போது வெடிக்கும், கோப்பைக்கே அவ்வளவு என்றால் இதற்கு எவ்வளவு என்று எனக்கு உள்ளூர ஓர் ஆவல்கூட இருந்தது.

அத்தை வைக்கோலைப் பைக்குள்ளேயே திரும்ப வைத்தார்.

“எங்க வெச்சிருந்த இத?” என்று கேட்டார். குரல் தாழ்ந்திருந்தது.

“பீரோவுலதான். மேல்தட்டுல.”

“மேல்தட்டுலயா.” அத்தை பையின் வாயைச் சேர்த்து மூடினார். “கூட வேற இன்னா வெச்சிருந்த?”

“ஒண்ணும் வெக்கல.”

“ஒண்ணுமேவா? இத்தன வருஷமா?”

அம்மா அத்தையின் அந்த ஒற்றைப் பெட்டியைப் பார்த்தார். அது சுவரோரம், கதவுக்கு அருகிலேயே, உள்ளே வரலாமா என்று கேட்டு நிற்பது போல நின்றது.

“இல்ல அக்கா. ஒங்க தட்டுதான அது. வேற யாரு வெப்பா?”

எனக்குத் தாங்கவில்லை. நடந்தது நடந்தபடி சொல்லப்பட வேண்டும் அல்லவா? மந்திரித்த புடவை எண்ணெய்க் கறையானதால்தானே தட்டு ஒழிந்தது? என் சிலேட்டை வைக்க விடாததும் அதனால்தானே? “அம்மா, பொடவயில கற...” என்று தொடங்கினேன். முதுகுப்புறம் அம்மாவின் கை வந்தது. இடுப்புச் சதையைப் பிடித்து ஒரு திருகு திருகியது. என் வாழ்நாளில் அப்படி ஒரு கிள்ளு வாங்கியதில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது.

“இன்னாடி பொடவ?” என்றார் அத்தை.

“ஒண்ணுமில்ல அக்கா. கிறிஸ்துமசுக்குப் பொடவ கட்டணுமாம். பாவாடையே இடுப்புல நிக்கல, அதுக்குள்ள இவளுக்குப் பொடவ” என்றார் அம்மா.

சித்தப்பா சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. கைக்குட்டையை எடுத்து நெடுநேரம் மூக்கைச் சிந்தினார். பிறகு மிச்சக் காப்பியை ஆறிப்போயிருந்தும் முழுவதும் குடித்தார்.

மாலையில் அம்மா பேழையைத் திறந்து, மேல்தட்டை வெந்நீரும் சீயக்காயும் இட்டுத் தேய்த்துக் கழுவி, தாள் விரித்தார். அத்தை தன் பெட்டியிலிருந்து புடவைகளை எடுத்து, ஒவ்வொன்றாக அதில் அடுக்கினார். பூசைப் புத்தகத்தை வைத்தார். சட்டமிட்ட மாமாவின் படத்தை வைத்தார். விருந்தாளி பெட்டியிலிருந்துதானே துணி எடுத்து உடுத்துவார், இவர் ஏன் எல்லாவற்றையும் வெளியே அடுக்குகிறார் என்று எண்ணினேன். அந்தத் தட்டு எனக்கு இனி எந்நாளும் கிடைக்கப்போவதில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அதற்காக மிகவும் மனம் நொந்தேன்.

பை நாற்காலியின் மேல் கேட்பாரற்றுக் கிடந்தது. அத்தை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டியது. இதற்காகவா அத்தனை எண்ணெய், அத்தனை வெயில்? ஒரு திட்டு இல்லை. ஒரு குறை இல்லை. வாசலில் வடகக் காவலுக்கு நான் வெயிலில் கருகிய நாட்களுக்கெல்லாம் யார் பொறுப்பு?

அடுப்படியில் அம்மாவிடம் கேட்டேன். “அத்த ஏம்மா திட்டல? நீ ஏன் என்னக் கிள்ளின? நான் நெசத்தத்தான சொன்னேன்?”

அம்மா அடுப்பிலிருந்து முகம் திருப்பவில்லை. “போடி. அந்தப் பைய எடுத்துகினு போயி மாட்டு முன்னாடி கட்டு. சித்தப்பா கறக்க ஒக்காந்துட்டாரு. அத்தைக்கு ராத்திரிக்குப் பால் வேணும்” என்றார். சற்று நிறுத்தி, “நாளைக்கும் வேணும்” என்றார்.

இடுப்பைத் தடவிக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். உண்மை சொல்ல வந்தவளைக் கிள்ளிய தாய் உலகத்தில் என் தாய் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பையைக் கம்பத்தில் கட்டினேன். பசு கழுத்தை நீட்டி நக்கியது. பால் இறங்கியது.